லீலாவும் லெனுவும்: எலெனா ஃபெரான்தே பற்றிக் கேள்வி பதில்

இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்தேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் நான்கையும் (2011–2014) படித்துக்கொண்டிருக்கும் புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவை இவை. நேப்பிள்ஸின் ஓர் ஏழைத் தெருவில் ஒன்றாக வளரும் லீலா, லெனு என்ற இரண்டு தோழிகளின் கதை அது. சொல்பவள் லெனு.

முத்தியால்பேட்டை வாசகர்: அக்கா, இவர் உண்மையில் யார்?

ஃபெரான்தே என்பது புனைபெயர். முதல் நாவல் 1992இல் வந்தது. அதற்கு முன்பே, எழுதி முடித்த புத்தகத்துக்கு எழுதியவர் தேவையில்லை, விளம்பரத்துக்கு வரமாட்டேன் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டார். 2016இல் ஒரு பத்திரிகையாளர் பணக் கணக்குகளைத் துருவி ஒரு பெயரை வெளியிட்டார். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

லாஸ்பேட்டை வாசகி: லெனுவுக்கு லீலாமேல் இருப்பது நட்பா, பொறாமையா? லீலா எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களை லெனு ஆற்றில் தள்ளியதும் எனக்கு லெனுவைப் பிடிக்காமலே போய்விட்டது அக்கா.

இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன, அதுதான் கதையே. லீலா தானாகவே எழுத்துக் கற்றவள், பத்து வயதில் ஒரு கதை எழுதியவள். அவளுக்குப் பின்தங்கிவிடக் கூடாது என்றுதான் லெனு உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள். அந்தப் பொறாமை இல்லையென்றால் அவள் அந்தத் தெருவைத் தாண்டியிருக்கவே மாட்டாள். பிற்பாடு தன் முதல் நாவலை எழுதிய பிறகு லீலாவின் பழைய கதையை எடுத்துப் படிக்கிறாள். தன் புத்தகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று புரிகிறது.

நம்பி ஒப்படைத்த நோட்டுகளை ஆர்னோ ஆற்றில் தள்ளியது துரோகம்தான், சப்பைக்கட்டு கட்டமாட்டேன். ஆனால் தள்ளுவதற்கு முன் பிடித்த பகுதிகளை மனப்பாடம் செய்கிறாள், கவனித்தீர்களா? இதையெல்லாம் நமக்குச் சொல்பவளும் அவளேதான். தன் பொறாமையை இப்படித் திறந்து வைப்பவளை என்னால் வெறுக்க முடியவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்: லீலாவைப் படிக்க வைக்கவில்லை, சரி. நம்ம ஊர் ஜெயகாந்தனும் படிக்காமலேதானே பெரிய எழுத்தாளர் ஆனார்?

ஆமாம், ஐந்தாம் வகுப்போடு நின்றவர் ஞானபீடம் வரை போனார். ஆனால் வீட்டைவிட்டுப் போன அந்தப் பையனுக்குச் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் இருந்தது, அச்சகம் இருந்தது, உட்கார்ந்து பேசப் பெரியவர்கள் இருந்தார்கள். லீலாவும் ஐந்தோடு நிறுத்தப்பட்டவள். மேலே படிக்க வேண்டும் என்று சண்டை போட்டதற்கு, செருப்புத் தைக்கும் அப்பா அவளை ஜன்னல் வழியே தூக்கி எறிகிறார், கை முறிகிறது. அப்புறமும் நூலகப் புத்தகங்களை வைத்து லெனுவுக்கு முன்பே லத்தீன் கற்றுவிடுகிறாள். அவளுக்குக் கிடைத்தது செருப்புக் கடையும் பதினாறு வயதில் கல்யாணமும்தான். திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்பவர்கள் முதல் பாகத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் வாசகி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் பாகத்திலிருந்துதான், இடையில் நுழைய வேண்டாம். ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு சரளமாகப் போகும். பெயர்கள்தான் குழப்பும். முன்பக்கத்தில் குடும்பவாரியாகப் பட்டியல் இருக்கிறது, அங்கே ஓர் அட்டையைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.