புதுக் கம்ப்யூட்டரும் ஆன்டிவைரஸ் செலவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டுக்குப் புது லேப்டாப் வாங்கியிருக்கிறோம். அதில் ஏற்கெனவே ஒரு பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் 30 நாள் ட்ரையலாக இருக்கிறது. "உங்கள் பாதுகாப்பு முடியப்போகிறது, இப்போதே வாங்குங்கள்" என்று தினமும் வந்து நிற்கிறது. விற்றவரும் ஒரு வருட பேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாங்காவிட்டால் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடுமா?

பதில்: போகாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. நீங்கள் பார்க்கும் ட்ரையல், கம்ப்யூட்டர் தயாரித்தவர்களும் ஆன்டிவைரஸ் நிறுவனமும் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்தால் உள்ளே வந்தது. உங்கள் தேவையைப் பார்த்து யாரும் வைத்ததல்ல.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதாவது, இந்த நிமிடம் உங்கள் லேப்டாப்பைக் காவல் காப்பது அந்த ட்ரையல்தான். அதை அன்இன்ஸ்டால் செய்தவுடன் டிஃபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். 30 நாள் முடிந்த பிறகு வாங்காமலும் நீக்காமலும் அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை தரும் நிலை. காலாவதியான மென்பொருள் டாஸ்க்பாரில் உட்கார்ந்திருக்கும், ஆனால் புது வைரஸ்களைப் பற்றிய அப்டேட் அதற்கு வராது. பார்ப்பவருக்கோ ஆன்டிவைரஸ் இருக்கிறது என்ற நினைப்பு. ஒன்று, பணம் கட்டித் தொடருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், எடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, காத்திருக்கும் அப்டேட் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். பெட்டியில் பல மாதம் கிடந்த கம்ப்யூட்டருக்கு நிறைய பாக்கி இருக்கும், இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்கும், பொறுமையாக இருங்கள். அப்புறம் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் ட்ரையலை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதே நிறுவனத்தின் பெயரில் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், விபிஎன் என்று துணை உருப்படிகளும் சேர்ந்து வந்திருக்கலாம். அவற்றையும் தேடி எடுங்கள். போக மறுத்தால், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே முழுதாக நீக்குவதற்கான கருவி கிடைக்கும். வேறு எங்கிருந்தும் அதை இறக்காதீர்கள்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதியில் பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே அப்டேட்டைச் சரிபார்த்துவிட்டு ஒரு முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். 'டேம்பர் புரொடெக்ஷன்' ஆனில் இருக்கட்டும். உள்ளே புகுந்த ஒரு கெட்ட நிரல் டிஃபெண்டரைச் சத்தமில்லாமல் அணைத்துவிடாமல் தடுப்பது அதுதான். 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியும் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறொன்றை இறக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், "ஸ்பீடு பூஸ்டர்" போன்றவற்றை அது பிடிக்கும்.

கேள்வி: ஓசியில் வருவது காசு கொடுத்து வாங்குவதைப் போல இருக்குமா? நம்ப முடியவில்லை.

பதில்: நியாயமான சந்தேகம். பல வருடங்களுக்கு முன்னால் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ், பரிசோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இரண்டு ஆய்வகங்கள் இந்த மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண் வீதம் மொத்தம் 18க்குப் போடுகிறது. டிஃபெண்டர் அதில் கட்டண மென்பொருள்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது. வாங்குவதற்கு முன் விளம்பரத்தை விட்டுவிட்டு, இந்த இரண்டு தளங்களையும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. டிஃபெண்டர் இணையத்தை நம்பியிருக்கிறது. சந்தேகமான ஃபைல் ஒன்று வந்தால் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் அதன் பிடிக்கும் திறன் குறைவதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நெட் இல்லாமல் இருந்து, பலருடைய பென் டிரைவ்கள் அதில் ஏறி இறங்கினால், கட்டண ஆன்டிவைரஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நாள் முழுக்க வைஃபையில் இருக்கும் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்றால், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ரான்சம்வேர் என்பது உங்கள் போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. எந்த ஆன்டிவைரஸும் நூறு சதவீதம் பிடிக்காது, பிடிக்காமல் விட்ட அந்த ஒரு முறை உங்களைக் காப்பாற்றப் போவது பேக்அப் மட்டுமே. ஆனால் பேக்அப் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியபடியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஃபெண்டரில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அறிமுகமில்லாத நிரல்கள் உங்கள் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்காமல் தடுக்கும். தானாக ஆன் ஆகாது, நீங்கள்தான் போட வேண்டும். சில நேரம் நல்ல மென்பொருளையும் தடுத்துவிடும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எதற்கு வம்பு என்று இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும் அந்த நொடியில் சோதிப்பதுதான் ஆன்டிவைரஸின் வேலை. இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் கம்ப்யூட்டர் நத்தையாகிவிடும், சில நேரம் உறைந்தே போகும். ஒன்று போதும்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் வேறு இலவச ஆன்டிவைரஸ்களைப் போடலாமா?

பதில்: கூடவே நல்லதொன்று இருக்கும்போது எதற்கு என்றுதான் கேட்பேன். இலவசமாகத் தரும் நிறுவனமும் எங்கோ சம்பாதித்தாக வேண்டும். பெரும்பாலும் கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லி நச்சரிப்பதோடு நிற்கும். எப்போதும் அதோடு நிற்பதில்லை. அவாஸ்ட் நிறுவனம், தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. ஜம்ப்ஷாட்டை 2020இலேயே மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், ஆன்டிவைரஸ் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய ஒரு மென்பொருள். அந்த இடத்தில் யாரை வைக்கிறோம் என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: போன வருடம் சலுகையில் குறைந்த விலைக்கு ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன். பிடிக்காமல் சில மாதத்தில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். இந்த வருடம் என் கார்டிலிருந்து அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தொகை போயிருக்கிறது. எப்படி?

பதில்: ஆட்டோ ரினிவல், அதாவது சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுவது. மென்பொருளை நீக்கினால் சந்தா ரத்தாகாது, அது நிறுவனத்தின் சர்வரில் உங்கள் அக்கவுன்ட்டில் அப்படியே இருக்கும். சலுகை விலை முதல் வருடத்துக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அடுத்த வருடத்திலிருந்து முழு விலை.

வாங்கும்போது கொடுத்த மெயில் ஐடியில் இப்போதே லாகின் செய்து, ஆட்டோ ரினிவலை நிறுத்துங்கள். பணம் போனது சமீபத்தில் என்றால் உடனே ரீஃபண்ட் கேளுங்கள். பல நிறுவனங்கள் புதுப்பித்த பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் திருப்பித் தருகின்றன. பேச்சாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். இனி எதை வாங்கினாலும், வாங்கிய அன்றைக்கே ஆட்டோ ரினிவலை அணைத்துவிடுவது நல்லது. கட்டிய காலம் முழுக்கப் பாதுகாப்பு தொடர்ந்து இருக்கும், அதில் குறை வராது.

இதையே வைத்து ஒரு மோசடியும் நடக்கிறது. "உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பெரிய தொகை எடுக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று பில் போல ஒரு மெயில் வரும். அழைக்காதீர்கள். உங்கள் கார்டு கணக்கைத் திறந்து, பணம் உண்மையில் போயிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: என் அப்பா செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது" என்று சத்தத்தோடு எச்சரிக்கை வந்தது. மைக்ரோசாஃப்ட் என்று போட்டு ஒரு போன் நம்பரும் இருந்தது. பயந்துபோய் அழைக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். அது வைரஸா?

பதில்: தடுத்தது மிக நல்ல காரியம். அது வைரஸ் இல்லை, வெறும் ஒரு வெப் பக்கம். பிரவுசரை ஃபுல் ஸ்கிரீன் ஆக்கி, சைரன் ஒலியை ஓடவிட்டுப் பயமுறுத்துகிறார்கள். எஸ்கேப் கீயை அழுத்திப் பிடித்தால் பக்கம் சுருங்கும், அப்புறம் மூடிவிடலாம். அடங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவைத்தால் போதும்.

அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மறுமுனையில் பேசுபவர் மிகவும் மரியாதையாகப் பேசி, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு ஆப்பைப் போடச் சொல்வார். உள்ளே வந்ததும், கம்ப்யூட்டரில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி "பாருங்கள், எத்தனை வைரஸ்" என்பார். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். நேற்றைக்கு வாங்கிய கம்ப்யூட்டரில்கூடப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பணம், அல்லது வங்கி லாகின். யாராவது ஏற்கெனவே இப்படி உள்ளே விட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள், பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். ரிமோட் ஆப்பை நீக்குவதும் ஸ்கேன் செய்வதும் அதற்கு அப்புறம்தான்.

திரையின் வலது மூலையில் அடிக்கடி சின்னதாக "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று வந்துகொண்டிருந்தால், அது ஏதோ ஒரு தளத்துக்குத் தெரியாமல் நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, அறியாத தளங்களை எடுத்துவிட்டால் நின்றுவிடும். ஸ்கேன் செய்துகொண்டே இருந்தாலும் இது போகாது.

கேள்வி: பையன் ஒரு கேம் இறக்கினான். அதைப் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறது. தற்காலிகமாகத்தானே, செய்யலாமா?

பதில்: கூடாது. கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த கேமோடு பாஸ்வேர்டு திருடும் நிரலைச் சேர்த்துத் தருவது பழக்கமான வழி. அதை ஆன்டிவைரஸ் பிடித்துவிடும் என்பதால்தான் ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுங்கள். கம்ப்யூட்டர் முழுவதையும் தொடும் எதையும் நிறுவ உங்கள் பாஸ்வேர்டு கேட்கும்.

கேள்வி: விண்டோஸ் 10 போட்ட பழைய கம்ப்யூட்டர் விலை மலிவாக வருகிறது. நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஓஎஸ்ஸில், அதாவது விண்டோஸ் என்ற இயங்குதளத்தில், இருக்கும் ஓட்டையை அடைப்பது அப்டேட்தான், ஆன்டிவைரஸ் அந்த வேலையைச் செய்ய முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வெளிவந்திருந்தது. போட்டுக்கொண்டவர்களிடம் அந்த வழியாக அது நுழையவில்லை. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது விண்டோஸ் 11க்கு மாறுமா என்பது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தைய ப்ராசஸரோ என்று பாருங்கள். இல்லையென்றால் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். ஆன்டிவைரஸ் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அதற்கென்றே ஐகார் என்ற அமைப்பு ஒரு சோதனை ஃபைல் வைத்திருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் அதைப் பார்த்தால் வைரஸைப் பார்த்தது போலவே கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகாரின் சொந்தத் தளத்துக்குப் போய் அதை இறக்கிப் பாருங்கள். இறங்கும்போதோ திறக்கும்போதோ தடுத்து, எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரியல் டைம் புரொடெக்ஷன்' ஆஃபில் இருக்கும், அல்லது பழைய ட்ரையல் இன்னும் முழுதாகப் போகாமல் இருக்கும்.