பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்குப் புதுக் கட்டை: கேள்வி பதில்

மிச்சிகனில் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்கு மரத்தோடுதான். பழைய வேட்டை ரைஃபிளுக்கு வீட்டிலேயே கட்டை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பலரும் கேட்டது வின்செஸ்டர் 1885 பற்றி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தோட்டா போட்டு, சுட்டு, அடுத்ததைக் கையால் போட வேண்டிய ரைஃபிள் அது. ஜான் பிரவுனிங் 1879இல் காப்புரிமை பெற்ற வடிவம். வின்செஸ்டர் கம்பெனி அவரிடமிருந்து வாங்கி 1885 முதல் 1920 வரை தயாரித்தது. இதில் மரம் இரண்டு துண்டு: தோளில் அண்டும் பின்கட்டை ஒன்று, குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டை ஒன்று.

கேள்வி (ஓஹாயோ): அண்ணா, என் மனைவியின் தாத்தா வைத்திருந்த ரைஃபிள் எங்களிடம் வந்திருக்கிறது. பின்கட்டையில் மெலிந்த இடத்தில் விரிசல். புதுக் கட்டை போட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். ரைஃபிளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் முதல் வேலை.

அப்புறம் மரத்தைப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்து, விரிசல் மட்டும் மரத்தின் ரேகையோடு ஓடியிருந்தால் எப்பாக்ஸிப் பசை விட்டு இறுக்கிக் கட்டினால் போதும். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அசல் கட்டையோடு இருக்கும் ரைஃபிளுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. காப்பாற்ற முடிகிற மரத்தைத் தூக்கி எறிவது எனக்குப் பிடிக்காது.

விசையும் சுடும் பொறியும் அடங்கிய நடு இரும்புக்கு ரிசீவர் என்று பெயர். அதை ஒட்டிய மரம் கறுத்துப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது என்றால் கதை வேறு. குழலை மேல்நோக்கி நிறுத்தியே பல வருடம் வைத்திருப்பார்கள். இரும்புக்குப் போட்ட எண்ணெய் மெல்ல இறங்கி மரத்தில் ஊறிவிடும். அப்படி ஊறிய மரம் மெத்தென்று ஆகிவிடும், அதில் பசையும் சரியாகப் பிடிக்காது. அங்கே புதுக் கட்டைதான் வழி. அப்போதும் பழைய கட்டையை எறியாமல், பெயர் எழுதிக் கட்டி வையுங்கள்.

கேள்வி (டெக்சாஸ்): எந்த மரம் வாங்கலாம்?

பதில்: அமெரிக்கக் கறுப்பு வால்நட். பழைய ரைஃபிளுக்கு அதுதான் பொருத்தம், விலையும் தாங்கும். தச்சு வேலை பழகாதவர்கள் முழுப் பலகையில் ஆரம்பிக்க வேண்டாம். முக்கால்வாசி குடைந்து, வெளிவடிவமும் செதுக்கிய கட்டைகள் உங்கள் மாடலுக்கென்றே விற்கிறார்கள்.

வாங்கும்போது பின்பக்கத்துப் பூ வேலைப்பாட்டில் மயங்காமல், மெலிந்த கழுத்துப் பகுதியைப் பாருங்கள். ரேகை அங்கே கழுத்தோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் எவ்வளவு அழகான மரமும் அந்த இடத்தில் உடையும். வந்த கட்டையை உடனே செதுக்காமல், வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் போட்டு வையுங்கள். மரம் அந்த அறையின் ஈரத்துக்குப் பழக வேண்டும். மரத்தின் ஈரம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது.

கேள்வி (நியூ ஜெர்சி): கட்டை வந்துவிட்டது. இரும்பு உள்ளே போகவில்லை, கால் அங்குலம் வெளியே நிற்கிறது. அரத்தால் ராவிவிடலாமா?

பதில்: அரம் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். குடைவுக்குள் உப்புத்தாள் போட்டால் ஓரமெல்லாம் உருண்டுவிடும், அந்த இடைவெளியை அப்புறம் எதை வைத்தும் மறைக்க முடியாது.

ரிசீவருக்குப் பின்னால் மேலே ஒன்று, கீழே ஒன்றாக நீளும் இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு டேங் என்று பெயர். இந்த இரண்டும், ரிசீவரின் பின்முகமும் படும் இடங்களில் எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியை மிக மெல்லிசாகப் பூசுங்கள். கட்டையை நேராக உள்ளே தள்ளி, ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. வெளியே எடுங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. கூரான உளியாலோ சுரண்டியாலோ அந்தக் கறுப்பை மட்டும் வழித்தெடுங்கள். சுருளாக வரக் கூடாது, தூளாக வர வேண்டும். மறுபடி பூசுங்கள், தள்ளுங்கள், பாருங்கள். முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் தெரியும். போகப் போகப் புள்ளிகள் பெருகி, கடைசியில் பின்முகம் முழுக்கச் சீராகக் கறுப்பு ஒட்டும். பல சாயங்காலம் பிடிக்கிற வேலை இது. வேகப்படுத்த வழி கிடையாது.

இதில் ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும். அந்த உதையை ரிசீவரின் பின்முகம் இடமும் வலமும் சமமாக மரத்தில் இறக்க வேண்டும். டேங்கின் கடைக்கோடி மரத்தில் முட்டவே கூடாது. முட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் அது ஆப்பாக இறங்கிக் கழுத்தைப் பிளக்கும். பழைய கட்டைகளில் டேங்குக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் விரிசல் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். ஆகவே டேங்கின் முனைக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் போல இடம் விடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். அது அழகைக் கெடுக்கிறது என்று சிலர் மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள்.

மேல் டேங்கிலிருந்து கீழ் டேங்குக்குப் போகும் ஸ்க்ரூவுக்கான துளையைக் கடைசியில் போடுங்கள். இரும்பு முழுதாக உட்கார்வதற்கு முன் போட்டால் துளை தள்ளிப்போகும்.

கேள்வி (டொராண்டோ): பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே தலை சிதைந்துவிடுமோ என்று பயம்.

பதில்: கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை சரிவாக இருக்கும், அதனால்தான் வழுக்குகிறது. பக்கங்கள் இணையாகத் தேய்த்த முனை வேண்டும். ஸ்க்ரூ தலையில் இருக்கும் காடியின் அகலமும் ஆழமும் நிரம்ப அது உட்கார வேண்டும். துரு இறக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள்.

கேள்வி (மினசோட்டா): நீளத்தை எப்படி முடிவு செய்வது? நான் அவ்வளவு உயரமில்லை.

பதில்: விசையின் முன்முகத்திலிருந்து கட்டையின் பின்தகட்டின் நடுவரை அளப்பார்கள். கம்பெனிக் கட்டைகள் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். உங்களுக்கு 13 போதலாம். ஆனால் பனியன் போட்டுக்கொண்டு அளக்காதீர்கள். எங்கள் மிச்சிகனில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் நவம்பர் 15இல் தொடங்கும். அந்தக் குளிரில் போடும் தடிமனான கோட்டே கணிசமான நீளத்தைத் தின்றுவிடும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்.

பிறை வடிவ இரும்புத் தகடு உள்ள மாடல் என்றால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டியே வெட்டுங்கள். வளைவு படிகிறவரை செதுக்கும்போது மரம் குறைந்துகொண்டே வரும்.

கேள்வி (ஓஹாயோ): முன்கட்டைக்கு ஏதாவது கவனம்?

பதில்: உண்டு. குழல் சூடானதும் முன்கட்டையின் அழுத்தம் மாறினால் குறி இடம் மாறும். முன்கட்டை ரிசீவரில் முட்டாமல் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி விடுங்கள். ஸ்க்ரூவை அளவோடு முடுக்கினால் போதும்.

கேள்வி (டெக்சாஸ்): பாலிஷுக்கு என்ன போடலாம்?

பதில்: காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். 220 எண் தாள் வரை தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, எழும் நாரைக் காய்ந்தபின் மறுபடி தேய்த்துவிடுங்கள். எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அடுத்த பூச்சு. உள்குடைவுக்கும், பின்தகடு மூடும் முனைக்கும் பூச மறக்க வேண்டாம். ஈரம் அந்த வழியாகத்தான் புகும்.

ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது எண்ணெய் சூடாகும். சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி (மதுரை): ஐயா, தாத்தா பெயரில் இருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி இப்போது என் லைசென்ஸில். கட்டை உடைந்திருக்கிறது. இதே முறையில் நானே செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இங்கே அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி என்பது ரிசீவர்தான், மரத்தைக் கடையில் வாங்கி மாட்டுகிறோம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் கேட்கிறது. அந்த லைசென்ஸ் உள்ள கடையில் கொடுங்கள். ரேகையையும் டேங்குக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியையும் மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எல்லாம் முடிந்தது. நேராகச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: புதுக் கட்டை வந்ததால் பழைய இரும்பு புதிதாகிவிடாது. நூறு வருடம் தாண்டிய ரைஃபிள் என்றால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து தோட்டா அறை, அதை மூடும் பூட்டு, குழல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தோட்டா போடலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். சில தோட்டாக்கள் சுட்டபின் பின்கட்டையைக் கழற்றி, டேங் முனைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தில் புதுப் பளபளப்பு தெரிந்தால் இரும்பு முட்டுகிறது. அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.