தவறான அப்டேட் ஓடிவிட்டது: டேட்டாபேஸை அதற்கு முந்தைய நிமிடத்துக்குத் திருப்ப முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் எஸ்கியூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. பேக்கப் சாஃப்ட்வேர் ஞாயிறு இரவு ஃபுல் (முழு பிரதி), மற்ற இரவுகளில் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியவை மட்டும்), 15 நிமிடத்துக்கு ஒரு லாக் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) பேக்கப் எடுக்கிறது. புதன் காலை 11.40-க்கு யாரோ தவறான அப்டேட் (டேட்டாவை மாற்றும் கட்டளை) ஓட்டிவிட்டார்கள்.

முடியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் மேல் ரீஸ்டோர் போட்டுவிடாதீர்கள். 11.40-க்குப் பிறகு போட்ட பில் எல்லாம் போய்விடும். வேறு பெயரில், வேறு ஃபைல் பாதையில் ரீஸ்டோர் செய்து, கெட்டுப்போன வரிசைகளை மட்டும் அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். டிஸ்கில் அதே அளவு இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

தேவையானவை: ஞாயிறு ஃபுல், செவ்வாய் இரவு டிஃபரென்ஷியல் (திங்கள் இரவுடையது வேண்டாம், ஃபுல்லுக்குப் பின் மாறியதெல்லாம் செவ்வாயுடையதிலேயே இருக்கும்), அதற்குப் பிந்தைய லாக் எல்லாம் வரிசையாக, 11.40-ஐ உள்ளடக்கிய லாக் வரை. எல்லாவற்றையும் 'நோ ரெக்கவரி'யில் (அடுத்த பேக்கப்பை ஏற்றும்படி டேட்டாபேஸைத் திறக்காமல் வைப்பது) போடுங்கள். கடைசி லாகுக்கு மட்டும் 'ஸ்டாப்அட்' (எந்த நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்பது) 11.39 கொடுத்து 'ரெக்கவரி' (டேட்டாபேஸைத் திறந்துவிடுவது). நடுவில் ஒருமுறை ரெக்கவரி கொடுத்துவிட்டால் அடுத்த லாக் ஏறாது, ஃபுல்லிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் மாட்டுவது இந்த பேக்கப் வரிசையின் சங்கிலி அறுவதில். 4305 என்ற பிழை வந்தால் நடுவில் ஒரு லாக் இல்லை என்று பொருள். யாராவது எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் கையால் லாக் பேக்கப் எடுத்து டி டிரைவில் போட்டிருப்பார்கள், பேக்கப் சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. சர்வர் தன் பேக்கப் வரலாற்றை வைத்திருக்கும் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் பேக்கப்செட் டேபிளைப் பாருங்கள். யார், எப்போது எடுத்தார்கள் என்று இருக்கும். ஃபைல் எங்கே போனது என்பது பேக்கப்மீடியாஃபேமிலி டேபிளில். 3136 வந்தால், இடையில் 'காப்பி ஒன்லி' (வழக்கமான பேக்கப் வரிசையைத் தொடாத தனிப் பிரதி) இல்லாமல் வேறொரு ஃபுல் எடுக்கப்பட்டிருக்கிறது. டிஃபரென்ஷியல் அதன் மேல்தான் உட்காரும். விர்ச்சுவல் மெஷினை முழுதாக பேக்கப் எடுக்கும் வேறு சாஃப்ட்வேரும் இந்த வேலையைச் செய்துவிடும். லாக் எல்லாம் கையில் இருந்தால் கவலை இல்லை, டிஃபரென்ஷியலை விட்டுவிட்டு ஞாயிறு ஃபுல்லுக்குப் பிந்தைய லாக் அனைத்தையும் ஏற்றலாம். நேரம்தான் கூடும்.

ரீஸ்டோர் தொடக்கத்தில் 0 சதவீதத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஃபைல்களில் பூஜ்யம் எழுதிக்கொண்டிருக்கும். 'இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன்' உரிமையை சர்வீஸ் அக்கவுன்ட்டுக்குக் கொடுத்தால் டேட்டா ஃபைலுக்கு அந்த நேரம் மிச்சம். லாக் ஃபைலுக்கு மிச்சமாகாது. 100-ல் நின்றால் ரெக்கவரி ஓடுகிறது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

சர்வரே போய்விட்டால் கணக்கு வேறு. லாக் ஃபைல் பிழைத்திருந்தால் முதல் வேலை அதன் வால் பகுதியை (கடைசி லாக் பேக்கப்புக்குப் பின் பதிவானதை) பேக்கப் எடுப்பது. இல்லையேல் 15 நிமிட பில் போகும். டேட்டாபேஸ் டிடிஇ-யில் (ஃபைல்களையே பூட்டிவைக்கும் எஸ்கியூஎல் சர்வர் வசதி) என்கிரிப்ட் ஆகியிருந்தால் சர்டிஃபிகேட்டும் அதன் பிரைவேட் கீயும் இல்லாமல் புது சர்வரில் எதுவும் திறக்காது, 33111 பிழைதான் வரும். அவற்றை பேக்கப் ஃபைல்களோடு வைக்காமல் தனியே வையுங்கள். 2017 ஒக்கி புயலில் நம் மாவட்டத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் போனது, அதனால் ஒரு பிரதி மாவட்டத்துக்கு வெளியேயும் வேண்டும். அங்கிருந்து 200 ஜிபி-யை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் குறையாமல் இருந்தாலே நாலரை மணி நேரம் ஆகும். ரீஸ்டோர் நேரம் அதற்கு மேல் தனி. நிர்வாகத்திடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.