மார்பினும் மூளைச் செல்லும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், மார்பின் என்ற வலிமருந்து மூளைச் செல்லுக்குள் புகுந்துதான் புரதங்களை மாற்றுகிறதா?

புக வேண்டியதே இல்லை. செல்லின் சவ்வில் மியூ ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. நம் உடலே சுரக்கும் எண்டார்பின் வந்து ஒட்டும் இடம் அது. அங்கே மார்பின் ஒட்டினால் ஏற்பியின் வடிவம் சற்று மாறி, உள்பக்கம் இருக்கும் ஜி புரதத்தைத் தூண்டிவிடும். அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை அடக்கும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பி குறையும். வலிச் செய்தி மங்கும்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்கு மார்பின் தருகிறோம். பழைய அளவு இப்போது கேட்பதில்லை. அடிமையாகிவிட்டாரா?

அந்த ஒன்றை வைத்து அப்படிச் சொல்லவே கூடாது. ஓயாமல் தூண்டப்படும் ஏற்பியின் வால்பகுதியில் சில நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அரெஸ்டின் என்ற புரதம் அங்கே வந்து ஜி புரதத்தை மறித்துக்கொள்ளும். மருந்து அதேதான், பலன் குறைகிறது. நோய் கூடியதாலும் வலி ஏறியிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து வலியோடு விடாதீர்கள்.

கேள்வி: நிறுத்தினால் ஏன் அவ்வளவு அவதி?

சர்மா, கிளீ, நைரன்பர்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1975-இல் வளர்ப்புச் செல்களில் இதைக் காட்டினார்கள். மார்பின் நாள்கணக்கில் அடக்கிக்கொண்டே இருந்தால், செல் அடினைலில் சைக்ளேஸ் நொதியின் வேலையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. திடீரென மார்பினை எடுத்தால் அடக்க ஆளில்லை. சுழற்சி ஏஎம்பி இயல்பைத் தாண்டி எகிறும். மூளைத்தண்டில் நோரட்ரீனலின் சுரக்கும் செல்களும் இப்படித்தான் கட்டவிழ்கின்றன. வியர்வை, படபடப்பு, உறக்கமின்மைக்கு அதுவும் ஒரு காரணம். இதைப் பார்த்து 'மனவுறுதி இல்லாதவன்' என்று திட்டுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: தம்பி மார்பின் பழக்கத்தை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஏக்கம் மட்டும் போகவில்லையாம்.

சரி, அது நடக்கக்கூடியதுதான். மருந்தைத் தொடர்ந்து எடுக்கும்போது மூளைச் செல்களில் சேரும் டெல்டா ஃபாஸ்பி என்ற புரதம் எளிதில் சிதையாது; வாரக்கணக்கில் தங்கி, எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதையே மாற்றும். அது கரைந்த பிறகும் நரம்பு இணைப்புகளில் ஏற்பட்ட மாற்றங்கள் நீடிக்கலாம். ஏக்கத்தைத் தணிக்கும் மெதடோன், பியூப்ரினார்பின் மருந்துச் சிகிச்சை பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், இதைத் தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்: ஏக்கம் இருந்தாலும் உடலின் தாங்குதிறன் இறங்கிவிட்டது. முன்பு எடுத்த அதே அளவை இப்போது எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நலோக்சோன் மருந்தை வீட்டில் வைத்திருக்க வழி இருந்தால் வாங்கி வைத்து, பயன்படுத்தும் முறையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அது ஏற்பியிலிருந்து மார்பினைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். கொடுத்த கையோடு ஆம்புலன்ஸை அழையுங்கள்.