எல்லாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாமா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மறதி நோய் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வது பற்றி ஃபேஸ்புக்கில் எல்லாரும் படிக்கும்படி எழுதி வருகிறேன். அதில் பதினொரு பதிவுகளை ஒருவர் என் பெயரே இல்லாமல் தன் புத்தகத்தில் போட்டிருக்கிறார். கேட்டால், பப்ளிக்ல போட்டதுதானேம்மா என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா? நானே புத்தகம் போட்டால் கீழே வந்த கமெண்டுகளையும் சேர்க்கலாமா?"

தாராளமாக முடியும். பப்ளிக் என்று வைத்தால் யாரும் படிக்கலாம் என்றுதான் அர்த்தம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் எழுதிய அன்றைக்கே காப்புரிமை உங்களுடையதாகிவிட்டது, எங்கும் போய்ப் பதிவு செய்திருக்கத் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமலே ஒப்புக்கொள்கிற விதிகளில் ஓர் அனுமதி கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் அது அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, ஊரில் உள்ள பதிப்பாளர்களுக்கு அல்ல.

இதே வாதத்தை ஒரு பெரிய செய்தி நிறுவனமே வைத்துத் தோற்றிருக்கிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த டேனியல் மோரெல், படங்களை ட்விட்டர் வழியாகப் போட்டார். அவற்றை ஏஎஃப்பி என்ற பிரெஞ்சு செய்தி நிறுவனமும், படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவரிடம் கேட்காமல் விநியோகித்தன. ட்விட்டர் விதிகளே அனுமதிதான் என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013-ல் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலர் தரச் சொன்னது. அமெரிக்க வழக்குதான், நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் நியாயம் ஒன்றுதான்.

அனுபவத்துக்கோ கருத்துக்கோ காப்புரிமை கிடையாது, எழுதிய எழுத்துக்குத்தான். இன்னொருவர் தன் அப்பாவைப் பற்றித் தன் சொற்களில் எழுதினால் தடுக்க முடியாது. விமர்சனத்துக்காக உங்கள் பெயரைச் சொல்லி நாலு வரி மேற்கோள் காட்டுவதும் சரிதான். இங்கே நடந்தது அது இல்லை.

நீங்கள் அனுப்பிய பக்கங்களை வரிக்கு வரி ஒப்பிட்டேன். "நீங்க எந்த ஊரு என்று அப்பா கேட்டார், உங்க ஊருதான் என்றேன்" என்று உங்கள் பதிவு முடிகிறது. புத்தகத்தில் அதற்குக் கீழே, இப்படிப்பட்டவர்களை இல்லத்தில் சேர்ப்பதே நல்லது என்று ஒரு வரி ஒட்டியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கே கோபம் வந்தது. சட்டத்தின் 57-ஆம் பிரிவு, எழுதியவர் நான் என்று சொல்லும் உரிமையோடு, உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி எழுத்தைத் திரித்தால் எதிர்க்கும் உரிமையையும் தருகிறது.

இப்போதைக்கு எந்தப் பதிவையும் அழிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புத்தகத்தை வாங்கி, பில்லோடு வையுங்கள். அப்புறம் வக்கீல் மூலம் பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பல பேர் அதிலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால், பதிப்பாளர் எந்த ஊராக இருந்தாலும் 62-ஆம் பிரிவுப்படி உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

அந்தரங்கம் என்று வந்தால் உங்கள் கை இவ்வளவு வலுவாக இல்லை. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பான நக்கீரன் வழக்கில், ஒருவரின் குடும்ப விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நாமே ஊரறியச் சொன்னதை ரகசியம் என்று பிறகு வாதாடுவது கஷ்டம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமும், ஒருவர் தானே பொதுவில் வைத்த சொந்த விவரங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இங்கே அந்தரங்கம் அப்பாவுடையதும்கூட. அவர் தன் நோயைப் பற்றி எதையும் வெளியிடவில்லை, அவர் சார்பில் நீங்கள்தான் வெளியிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அன்பில் எழுதியது என்று தெரிகிறது. ஆனாலும் ஆதாரங்களைப் பத்திரப்படுத்திய பிறகு, தெருப் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

கமெண்டுகள் விஷயத்திலும் இதே கணக்குதான். "அழுதுட்டேன் அக்கா" என்ற ஒற்றை வரிக்குக் காப்புரிமை வராது. ஆனால் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒருவர் இருபது வரி எழுதியிருக்கிறாரே, அது அவருடைய எழுத்து, அவர் வீட்டு விஷயம். இன்பாக்ஸில் கேளுங்கள், பெயரோடு போடலாமா, பெயர் இல்லாமலா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சேர்க்காதீர்கள்.