விளக்குத்தூணிலிருந்து மகால் தெருக்கள் வரை

"கோயிலை முன்பே பார்த்துவிட்டேன். மதுரையில் ஒரு நாள் முழுவதும் அவசரமின்றி நடந்து, சிறு கடைகளையும் தின்பண்டக் கடைகளையும் பார்க்க எந்தப் பகுதிக்குப் போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்குத்தூணில் தொடங்கித் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் என்பதே என் பதில். வில்லாபுரத்தில் குடியிருக்கும் எனக்கு அது பக்கத்து வட்டாரம். மாதம் ஒரு நாளாவது வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் அங்கே போய்விடுவேன்.

காலை பத்து மணிக்கு முன் போக வேண்டாம், பல கடைகள் திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். விளக்குத்தூணுக்குப் போகும் முன், கோயிலுக்குக் கிழக்கே உள்ள புது மண்டபத்தின் பக்கம் போங்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாக இருந்த தையல்காரர்களும் பாத்திர வியாபாரிகளும் புத்தகக் கடைக்காரர்களும் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்கள் அணியும் சரிகை வைத்த உடையையும், தோளில் தொங்கவிடும் தோல் பையையும் அந்தத் தையல்காரர்களிடம்தான் வாங்குவார்கள். எதுவும் வாங்காவிட்டாலும், கால் தையல் இயந்திரத்தில் சிவப்புத் துணியின் ஓரமாகச் சரிகை ஓடுவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் விளக்குத்தூண். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்ட தூண் அது. இன்று அதைச் சுற்றி ஜவுளிக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே ஒரு ஜிகர்தண்டா குடிக்கலாம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். வெயில் ஏறிய பிறகு குடித்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் அன்றைய நாளின் பெரும்பகுதியை நீங்கள் செலவிட வேண்டிய இடம் மகாலை ஒட்டிய தெருக்கள். 1636இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அதன் துண்டுகளில் ஒன்றான பத்துத்தூண், கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கிறது. நாயக்கர் காலத்தில் நெசவுக்காக இங்கே குடியேறிய சௌராஷ்டிர மக்கள் இந்தப் பகுதியில் வாழ்ந்து வருகிறார்கள். வீட்டுக்குள் அவர்கள் மொழி, கடைக்கு வெளியே நம் மொழி என்று இரண்டும் கலந்து கேட்கும்.

துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் வரவழைக்கும் இவர்களுடைய சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் கையால் முடிச்சிட்டவை அல்ல. நானே ஒரு முறை பெரிய கடையொன்றில் கைமுடிச்சு என்று சொன்னதை நம்பி அச்சுப் போட்ட சேலையை என் அம்மாவுக்கு வாங்கி வந்தேன். அம்மா புள்ளிகளைத் தடவிப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த முறை சந்துக்குள் ஒரு சிறு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர், முடிச்சு அவிழ்க்காத சேலை ஒன்றை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "இழுங்க தம்பி, பயப்படாதீங்க" என்றார். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்தபோது நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து விழ, சுருங்கிக் கிடந்த கருநீலத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் திறந்துகொண்டன. துணியை நகத்தால் சிறிது தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, பிறகு சாயத்தில் முக்குவதால், கட்டிய இடத்தில் சாயம் ஏறுவதில்லை என்று அவர் விளக்கினார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இப்படிக் கட்ட வேண்டும். புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இராமல், விரலுக்குச் சற்று மேடாகத் தட்டுப்பட்டால் அது கைவேலை. அச்சுச் சேலையும் கட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும், முடிச்சுப் போடும் பெண்களின் உழைப்புக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. எனவே இத்தகைய கடையில் அவசரப்படாதீர்கள். கூட்டமில்லாத மதிய வேளையில் போய் உட்கார்ந்து கேளுங்கள், மனமுவந்து சொல்வார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருமுனைகளில் அடுப்பு மூட்டுவார்கள். முள்முருங்கை இலையை அரைத்துச் சேர்த்த பச்சை நிற வடையை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு, மேலே பொடி தூவித் தருவார்கள். ஆறினால் அதற்குச் சுவை கிடையாது. அதன் பிறகு பருத்திப்பால் வண்டியைத் தேடுங்கள். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சியது. டம்ளர் சூடாக இருக்கும், அதனால் நின்றுகொண்டு ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். அதற்குள் கடைகளின் விளக்குகள் எல்லாம் எரிந்துவிடும்.