மூடியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்: பழைய டிவி கேம் கேள்வி-பதில்

லீவு விட்டதும் எல்லாரும் பரணைத் துழாவுகிறீர்கள் போலிருக்கிறது, இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு விஷயம், கேசட்டுக்குக் காட்ரிட்ஜ் என்று எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். கடலூரிலும் புதுச்சேரியிலும் அதைக் கேசட் என்று சொல்லித்தான் வளர்ந்தோம், நான் அப்படியே எழுதுகிறேன்.

கறுப்பு நிறம், பார்க்க அப்படியே சேகா மெகா டிரைவ் மாதிரி இருக்கிறது. மேலே 16 பிட் என்றும் போட்டிருக்கிறது. அசலா? (மஞ்சக்குப்பம்)

உருவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மெகா டிரைவ் உடம்புக்குள், ஜப்பானில் நின்டென்டோ விற்ற ஃபேமிகாம் என்ற டிவி கேமின் நகலை வைத்து விற்றது தொண்ணூறுகளில் உலகம் முழுக்க நடந்தது, நம் ஊர்ப் பையன்கள் டெர்மினேட்டர் என்று சொன்ன பெட்டி அந்த வகைதான். முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். செலக்ட் பட்டன் இருந்தால் ஃபேமிகாம் வகை, மெகா டிரைவின் மூன்று பட்டன் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் உண்டு, செலக்ட் கிடையாது. அடுத்து கேசட்டின் அடியில் தெரியும் செப்புப் பற்களை எண்ணுங்கள், நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் தப்பாது. பக்கத்துக்கு 30 இருந்தால் ஃபேமிகாம், 32 என்றால் மெகா டிரைவ், 36 என்றால் அதே ஃபேமிகாமுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற வடிவமான என்ஈஎஸ்.

அப்புறம் மூடியைத் திறந்துவிடுங்கள். ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒன்று போதும், அடியில் ஐந்தாறு திருகுதான் இருக்கும். உள்ளே 40 கால்கள் கொண்ட இரண்டு பெரிய சிப் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தைவானின் யூஎம்சி செய்த யூஏ6527 என்பது மூளை, யூஏ6528 அல்லது யூஏ6538 என்பது படம் வரைவது. 6538 நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் டிவிக்கானது. 6528 வந்தால் அது 60 ஹெர்ட்ஸ் பெட்டி, பழைய டிவியில் படம் உருளலாம், கலர் வராமலும் போகலாம். சிப்பின் மேல் நான்கு இலக்க எண் தெரிந்தால் அது பிறந்த தேதி: 9123 என்றால் 1991-ன் 23-ஆவது வாரம். அதற்கு முன்னால் அந்தப் பெட்டி உருவாகியிருக்க முடியாது, அந்த அளவுக்கு நம்பகமான சாட்சி வேறெதுவும் இல்லை.

சிப்புக்குப் பதில் பலகையில் கறுப்புத் தார்ப் பொட்டு மாதிரி ஒன்று மட்டும் இருந்தால், மொத்த ஃபேமிகாமும் அந்த ஒரே பொட்டுக்கு அடியில் இருக்கிறது. பொதுவாக இவை பிந்தைய காலத்தவை. அந்தப் பொட்டு செத்தால் சரிசெய்ய வழியில்லை, தனிச் சிப் வகையில் ஒன்று போனால் இன்னொன்று மாற்றலாம்.

காதாலும் ஒரு சோதனை செய்யலாம். யூஎம்சி நகல்கள் பலவற்றில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் (டியூட்டி சைக்கிள்) இடம் மாறியிருக்கும். அசலில் மெலிசாகக் கேட்க வேண்டிய ஒலி தடிமனாகவும் தடிமனாகக் கேட்க வேண்டியது மெலிசாகவும் வரும். நாம் சின்ன வயதில் கேட்ட கான்ட்ரா கேமின் இசை இணையத்தில் கேட்கும்போது வேறு மாதிரி தோன்றுகிறதே என்று நினைத்தவர்களுக்கு, உங்கள் ஞாபகம் சரியாகவே இருந்திருக்கலாம்.

9999999 இன் 1 என்று கேசட்டில் இருக்கிறது. உண்மையில் எத்தனை?

போட்டுப் பார்த்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு சில கேம்தான், மற்றதெல்லாம் அதே கேமை வேறு லெவலில் தொடங்கும் அல்லது வேறு பெயரில் காட்டும். ஆனால் தூக்கிப் போடாதீர்கள், மெனுவில் வரும் படமும் பாட்டும் ஒவ்வொரு கேசட்டுக்கும் வேறு, அதைப் படம் பிடித்து வையுங்கள்.

மாமா பாரிஸிலிருந்து கொண்டுவந்த பிலிப்ஸ் பெட்டி, சி52 என்று போட்டிருக்கிறது. இதுவும் நகலா? டிவியில் மாட்டவே வழி தெரியவில்லை. (முத்தியால்பேட்டை)

இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்துதான் வர முடியும், படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நகல் இல்லை. பிலிப்ஸ் வீடியோபேக் ஜி7000-இன் பிரெஞ்சு வடிவம் அது, அமெரிக்காவில் 1978-இல் மேக்னவாக்ஸ் ஒடிசி 2 என்று வந்த அதே குடும்பம். ஒரே கம்பெனி சம்மதத்தோடு பெயர் மாற்றி விற்பது வேறு, சம்மதமில்லாமல் உள்ளிருப்பதைப் பார்த்துச் செய்வது வேறு. சேகரிக்கும்போது இந்த இரண்டையும் ஒரே அலமாரியில் கலக்காதீர்கள்.

பிரான்ஸில் அப்போது டிவியின் கலர் முறை செகாம் (SECAM), நம்முடையது பால் (PAL). அதனால் அங்கே பல பெட்டிகளை ஆர்ஜிபி சிக்னலாகப் பெரிய பெரிடெல் பிளக்கில் (ஸ்கார்ட் என்றும் சொல்வார்கள்) அனுப்பினார்கள், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும். பெரிடெல்லை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வர்ட்டர் வாங்குங்கள், ஆனால் ஆர்ஜிபி எடுக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். சாதா வீடியோவை மட்டும் எடுக்கும் மலிவான வகையில் கறுப்புத் திரைதான் வரும்.

எந்த அடாப்டர் போட வேண்டும்?

அவசரப்படாதீர்கள். என்னிடமிருந்த நல்ல பெட்டி ஒன்று இதனால்தான் போனது, இன்றும் வலிக்கிறது. அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, நடு முனை நெகடிவ், அதன் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் செருகினால் அதோடு முடிந்தது. அமெரிக்க என்ஈஎஸ் அடாப்டர் வெளியே தருவது 9 வோல்ட் ஏசி. நகல்களில் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, ஆனால் நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பலகையில் 7805 என்று ஒரு மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும், அதன் நடுக் காலோடு பவர் சாக்கெட்டின் எந்த முனை தொடர்பில் இருக்கிறது என்று மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள், அதுதான் நெகடிவ். ஜாய்ஸ்டிக்கிலும் கவனம், 9 முனை என்பதற்காக அட்டாரியுடையதையோ சேகாவுடையதையோ மாற்றிச் செருகாதீர்கள், உள்ளே வயர் வரிசை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கலாமா?

வாங்கலாம், காலையிலேயே போங்கள். ஸ்லாட்டுக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பற்களில் பச்சை பூத்திருந்தால் கடற்காற்று வேலை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் தேறும். பலகையில் கோடு போட்ட மாதிரி மண் படிந்திருந்தால் அது தண்ணீரில் நின்ற பெட்டி. 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம் என்று இந்தப் பக்கம் அப்படி நனைந்தவை ஏராளம். அதற்கு உதிரிப் பாக விலை மட்டும் கொடுங்கள். கேசட்டை ஊதிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் அந்தப் பச்சையைக் கூட்டத்தான் செய்யும்.

எல்லாம் டூப்ளிகேட்தானே, இதையெல்லாம் ஏன் சேர்க்க வேண்டும்? (நெய்வேலி)

ரஷ்யாவில் டென்டி, போலந்தில் பெகாசஸ், சீனாவில் சுபோர், நம் ஊரில் மீடியா கம்பெனியின் லிட்டில் மாஸ்டர். இந்த நாடுகளில் ஒரு தலைமுறை முதன்முதலில் மாரியோவைப் பார்த்தது இவற்றில்தான். அசல் ஃபேமிகாமை ஜப்பானியர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். லிட்டில் மாஸ்டரை நாம் வைக்காவிட்டால் யாரும் வைக்கப் போவதில்லை. அட்டைப்பெட்டி, பில், வாரன்டி சீட்டு கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள், எந்தக் கடையில் எந்த வருஷம் எவ்வளவுக்கு வாங்கியது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி எல்ஈடி டிவியில் வேலை செய்யவில்லை.

செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறது. எல்ஈடி டிவி அந்தப் படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் தவறிவிடும். பழைய டப்பா டிவி ஒன்று தேடுங்கள், ரிப்பேர் கடைகளில் சும்மாவே கொடுக்கிறார்கள்.